இரண்டு கைகளில் ஒரு கடிகாரம்

“போனப்ப இருந்த மாதிரியே இருக்காடா உங்க அக்கா! எட்டு மாசத்துல பாதியா இளைச்சிருப்பான்னு நெனச்சேன். எப்படிக் கையாட்டுறா, பாத்தியா?”

தொலைபேசியில் அம்மா பூரித்துக்கொண்டிருந்தாள். செய்தித் தொலைக்காட்சியின் படத்தொகுப்பு அறையில் அமர்ந்திருந்தவன், “பாத்தேம்மா” என்று சொல்லி வைத்தான்.

விண்கலம் கடலில் இறங்கி அரைமணி நேரம் ஆகியிருந்தது. அதில் திரும்பிய மூவரில் ஒருத்தி அவன் அக்கா. நேரலையில் அவள் மீட்புக் கப்பலின் விளிம்பில் நின்று இடக்கையை உயர்த்தி அசைத்தபோது அலுவலகமே எழுந்து கைதட்டியது. கண் நிறைந்திருந்ததால் அவனுக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. ‘போனப்ப இருந்த மாதிரியே’ என்ற அம்மாவின் சொற்கள் இப்போதுதான் உறுத்தின.

அந்தக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தான். உயர்ந்த மணிக்கட்டில் பச்சை வார் போட்ட, சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம். அதே கடிகாரம் இப்போது அவன் கையில் துடித்துக்கொண்டிருந்தது. “நான் வர்ற வரைக்கும் தினம் சாவி குடு. மறந்தே, தொலைச்சுடுவேன்” என்று, புறப்படுவதற்கு முந்தின நாள் அவள் கழற்றிக் கொடுத்தது.

அதற்கடுத்த காட்சியில் அவனே இருந்தான். “எங்க அக்கா வந்துட்டாங்க” என்று அதே கடிகாரக் கையால் கண்ணைத் துடைத்தான். நேற்று மாலையே பிடித்து வைத்தது. நல்லபடியாக முடிந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று என இரண்டு தொகுப்புகளை முன்கூட்டியே ஆயத்தம் செய்வது அவர்கள் தொழிலின் நடைமுறை. பிறர் வீட்டுச் செய்திகளுக்கு அவனே எத்தனையோ முறை செய்திருக்கிறான். கணினியில் அந்த இரண்டாவது தொகுப்பைத் தேடினான். காலை 10.12-க்கு, விண்கலம் இறங்கிய சற்று நேரத்தில், யாரோ அதைத் திறந்திருந்தார்கள்.

செய்தி ஆசிரியரின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தான்.

“வா கத்தரி! ஊரே உன் மூஞ்சியைத்தான் பாக்குது” என்று, படம் வெட்டுகிறவனுக்குத் தாம் வைத்த பட்டப்பெயரைச் சொல்லி அவர் சிரித்தார்.

“அக்கா கையாட்டுற படம் எப்ப எடுத்தது மேடம்?”

“நேரலைப்பா.”

அவன் மணிக்கட்டை மேசைமேல் வைத்தான். “ஒரே கடிகாரம், அடுத்தடுத்த காட்சியில ரெண்டு பேர் கையில ஓடுது.”

அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. “அவங்க கிளம்பறதுக்கு முன்னாடி அந்தக் கப்பல்ல எடுத்த ஒத்திகைப் படம்தான். கதவைத் திறக்கறப்ப கப்பல்ல இருந்து வர்ற படம் நின்னுபோச்சு. காலித் திரையைக் காட்டினா ஜனங்க அடுத்த சேனலுக்குத் தாவிடுவாங்க.”

“ரெண்டாவது தொகுப்பை எதுக்குத் திறந்தீங்க?”

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார்; மூடினார். “பயந்துட்டேன்பா. நானும் மனுஷிதானே.”

“அப்போ எதையோ பாத்திருக்கீங்க.”

“நிஜப் படம் கொஞ்சம் தாமதமா வந்துச்சு. மூணு பேரும் நலம்னு விண்வெளி மையத்தோட அறிக்கை சொல்லுது. போய் ஒரு காபி குடி.”

“அறிக்கையை விடுங்க. நீங்க சொல்லுங்க.”

அவர் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

ஸ்ட்ரெச்சரில் அக்கா கிடந்தாள். வீங்கிய முகம், மூடிய கண்கள். தூக்கிச் சென்ற நால்வரின் நடையிலிருந்தும் ஒன்றும் ஊகிக்க முடியவில்லை. முதல் முறை முகத்தை மட்டுமே பார்த்தான். இரண்டாம் முறை, பதினோராவது நொடியில் படத்தை நிறுத்தி மெல்ல நகர்த்தினான். அவளுடைய வலக்கை தட்டுத்தடுமாறி இடது மணிக்கட்டைத் தேடியது. வெறும் தோலின் ஓரத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ இருமுறை திருகின.

“உயிரோட இருக்கா மேடம்” என்றான். “சாவி குடுக்கறா.”

“இதைப் போட்டா ஜனங்க சந்தேகப்படுவாங்கப்பா.”

“படட்டும். எங்கம்மா அந்தப் பழைய படத்தையே நம்பிக்கிட்டு இருக்கணுமா?”

அவர் எழுந்து, தம் நாற்காலியை அவனுக்கு விட்டார்.

நிஜப் படத்தை ஒளிபரப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அவன் வீட்டுக்கு அழைத்தான். “அம்மா, டிவியை அணைச்சுடாதே. அக்கா இப்பதான் வர்றா.”