இறக்கத்துக்கு எடுத்த டயர்

சத்தமே போடாத வண்டி என்பதுதான் என் கணவர் சியூருக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம். அந்த மின்சார வண்டியை வாங்கிய புதிதில் என்னையும் ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்கின் கோடி வரை போய்த் திரும்புவார். வானொலியைப் போட விடமாட்டார். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, ஆறு ஓடுவது கேட்கிறதா என்பார். நாற்பது வருடம் டீசல் லாரியில் மின்கம்பிச் சுருள்களை ஏற்றிக்கொண்டு அலைந்த மனிதருக்கு, ஓய்வு பெற்றபின் கிடைத்த பரிசு அந்த அமைதி.

குளிர்காலத்தில் மட்டும் அது கிடைக்கவில்லை. பழைய உரிமையாளர் கொடுத்த பனிக்கால டயர்கள், வழுக்காமலிருக்கச் சிறு ஆணிகள் பதித்தவை. பனியில் அவை பேசாது. பனி இல்லாத வெறும் தாரில் ஏறிவிட்டால், தகரத்தில் பட்டாணியைக் கொட்டியதுபோல் சடசடக்கும். வேறு வண்டியாக இருந்தால் எஞ்சின் சத்தத்தில் அது அமுங்கிப்போயிருக்கும்.

சியூர் மலைக்கு மேற்கே, கடல் மலைகளுக்குள் நீளமாகப் புகுந்த ஃபியோர்டு ஒன்றின் கரையில், எய்ட்ஃபியோர்டில் பிறந்தவர். அங்கே குளிர்காலம் என்றால் பாதி நாள் மழை. பனிக்கட்டியின் மேல் தண்ணீர் நிற்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு ஆணி இல்லாத டயர் செருப்பில்லாத காலுக்குச் சமம். அவருடைய அண்ணன் ஆஸ்கெய்ரும் அங்கே பிறந்தவர்தான். ஆனால் அவர் எங்கள் கிழக்குப் பள்ளத்தாக்கில் பெண்ணெடுத்து முதலில் குடிவந்து, இங்கத்திய காய்ந்த குளிருக்கும் மாவு போன்ற பனிக்கும் பழகி, ஆணியில்லாத மென்மையான ரப்பர் டயருக்கு எப்போதோ மாறிவிட்டார். வருடாவருடம் இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் முற்றத்தில் இரண்டு பேருமாக எல்லா வண்டிகளுக்கும் சக்கரம் மாற்றுவார்கள். ஜாக்கி, காப்பிக் குடுவை, பிறகு அதே சண்டை.

ஆஸ்கெய்ரின் கட்சி இது: வண்டி இரண்டரை டன், நாலு சக்கரமும் இழுக்கிறது, கனத்திலேயே ரோட்டைப் பிடித்துக்கொள்ளும், ஆணி எதற்கு? சியூர் நிமிராமலே பதில் சொல்வார்.

"நாலு சக்கரமும் இழுக்குது, அதனால கிளம்பிடும். நிக்கணும்னா எல்லா வண்டிக்கும் நாலு சக்கரந்தான். கனம் உன்னை முன்னாலதான் தள்ளும்."

ஆனால் போன வசந்தத்தில் தேய்ந்துபோன அந்த ஆணி டயர்களைக் கழற்றிப் போடும்போது சியூர் தன் வாயாலேயே சொன்னார்: அடுத்த குளிர்காலத்துக்கு ஆணியில்லாததே வாங்கிவிடலாம், இந்தச் சடசடப்பைத் தாங்க முடியவில்லை. ஆஸ்கெய்ர் கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். முப்பது வருடச் சண்டையில் கிடைத்த முதல் வெற்றி. கூட்டுறவுக் கடையில் ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் தொடக்கத்தில் சியூர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. டாக்டர் இதயம் என்றார். வண்டி கோடைக்கால டயர்களோடு முற்றத்தில் நின்றது. அதன்மேல் முதல் பனி விழுந்தது. இரண்டாவது பனியும் விழுந்தது. நான் தள்ளிவிடவில்லை.

தன்னை எய்ட்ஃபியோர்டு தேவாலயக் கல்லறையில், அப்பா அம்மா பக்கத்தில் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். தகனம் முடிந்து அஸ்திக் கலசம் தகனக்கூடத்தில் தயாராக இருந்தது. ஆனால் அங்கே ஏதோ கட்டட வேலை, பிறகு பாதிரியார் மாற்றம் என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. டிசம்பரில் கல்லறைத் தோட்டக்காரர் ஊட்லெய்வ் தொலைபேசியில் கூப்பிட்டார். ஃபியோர்டுக் கரையில் மண் இன்னும் இளகலாகத்தான் இருக்கிறது, ஆனால் அடுத்த வாரம் கடுங்குளிர் வருகிறதாம். வரும் வெள்ளிக்கிழமை மதியம் வைத்துவிடலாம். இல்லையென்றால் வசந்தம் வரை பொறுக்க வேண்டும். பொறுத்தால் ஒன்றும் தப்பில்லை, பலரும் அப்படிச் செய்கிறார்கள் என்றும் சொன்னார்.

எனக்குத்தான் முடியவில்லை. அவர் யாருடைய அலமாரியிலோ ஓர் எண்ணாகக் குளிர்காலம் முழுதும் காத்திருப்பது என்ற நினைப்பு, நான் எதைச் செய்தாலும் கூடவே வந்தது. காப்பி ஊற்றும்போது இரண்டாவது கோப்பையை எடுத்துவிட்டு வைக்கிறேனே, அது அவர் இன்னும் எங்கும் போய்ச் சேராததால்தான் என்று நம்பத் தொடங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்றேன்.

ஆஸ்கெய்ர் ரயிலில் போகலாம் என்றார். நான் மறுத்தேன். லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து சியூர் ஊருக்கு ரயிலில் போனதே இல்லை.

"அப்ப நான் ஓட்டறேன், எல்ட்ரி," என்றார்.

அவருக்கு ஒரு கண்ணில் புரை. நான் ஓட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். இருபது வருடமாக அந்த மலைச்சாலையை நான் பக்கத்து இருக்கையிலிருந்துதான் பார்த்திருந்தேன்.

டயர் கடை நடத்தும் குன்வோர், வண்டியைத் தன் இழுவை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனாள். ஆஸ்கெய்ரும் என்னோடு கடைக்கு வந்தார். எந்த டயர் என்று அவர் மனதில் முடிவாகியிருந்தது; அது சியூரே சொல்லிவிட்டுப் போனதுதானே? கடைசி ஆசை மாதிரி அதை எடுத்துச் சொன்னார். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. அவருக்குப் பிடித்த அமைதியில் அவரைக் கொண்டுபோவது சரியாகத்தான் பட்டது.

குன்வோர் இரண்டு வகையிலுமாக மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து காட்டினாள். விலை குறைவாக இருந்த ஒன்றை ஆஸ்கெய்ர் தட்டிப் பார்த்தபோது, அளவு சரி, ஆனால் இந்த எடையைத் தாங்கும் டயர் இல்லை என்று ஒதுக்கி வைத்தாள். மற்ற இரண்டும் நல்ல டயர்தான் என்றாள். மைனஸ் பத்தில், அழுத்தமான பனியில் வித்தியாசமே தெரியாது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"ஓட்டப்போறது யாரு?"

அதுவரை நான் சியூருக்கு டயர் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் கைகளுக்கு எது போதும் என்பதுதான் கணக்காக இருந்தது. அந்தக் கைகள் இப்போது இல்லை. மலையின் மேல்தளம் எனக்குப் பயமில்லை. அது நேராகப் போகும், குளிர்ந்து இறுகியிருக்கும். பயம் அதற்கப்புறம், பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதை. சுரங்கப்பாதை சுரங்கப்பாதையாகச் சுற்றி இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் வெப்பம் கூடும், பனி மழையாகும், மழை பனிக்கட்டிமேல் நிற்கும். மொத்தப் பயணத்தில் அது ஒரு சின்னத் துண்டு.

"ஆணி வெச்சதையே மாட்டிடு," என்றேன்.

ஆஸ்கெய்ர் என்னைப் பார்த்தார். "அவன் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஓட்டறது நான்."

வெளியே வந்ததும், தம்பியை மேளம் கொட்டி ஊர்வலம் விடப்போகிறாயாக்கும் என்று முணுமுணுத்தார். புது ஆணிகள் ரப்பரில் உட்காரும் வரை மெதுவாக ஓட்ட வேண்டும், கொஞ்ச தூரம் போனதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும் என்று குன்வோர் சொல்லி அனுப்பியிருந்தாள். வெள்ளிக்கு முன் இரண்டு நாள் நான் கூட்டுறவுக் கடைக்கும் வீட்டுக்கும் சும்மாவே போய்வந்தேன். சடசடவென்றுதான் இருந்தது. மன்னிச்சுக்கோ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன்.

வெள்ளி காலை கலசத்தை வாங்கி வந்தோம். முன்னிருக்கையில் உட்காரும் ஆள் அவன்தான் என்று சொல்லி ஆஸ்கெய்ர் பின்னால் ஏறிக்கொண்டார். கலசத்தை முன்னிருக்கையில் வைத்து வண்டியைக் கிளப்பினால், மணி அடிக்கத் தொடங்கியது. இருக்கையில் ஆள் இருப்பதாகவும் பெல்ட் போடவில்லை என்றும் வண்டி நினைத்துக்கொண்டது. நான் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். மணி நின்றது.

"பெல்ட் போடச் சொன்னா எப்பவும் இப்படித்தான் ரகளை பண்ணுவான்," என்றார் பின்னாலிருந்து.

அக்டோபருக்குப் பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

மலையடிவாரத்துத் தடுப்புக் கம்பம் மூடியிருந்தது. மேலே காற்று. பனி ஒதுக்கும் லாரியின் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள். எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள் நின்றன. காத்திருந்த நேரத்தில் ஆஸ்கெய்ர் இறங்கி, சியூரின் முறுக்கு ஸ்பானரை எடுத்துக்கொண்டு சக்கரம் சக்கரமாகப் போனார். போதிய அளவு முறுக்கியதும் அது டிக் என்று சொல்லும். வண்டிக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு டிக்கையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்காவது சக்கரத்தில் சத்தம் வர வெகுநேரம் ஆனது. எட்டிப் பார்த்தேன். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு, பனியில் முழங்கால் போட்டபடி சும்மா இருந்தார். அதன் கைப்பிடியில் சியூர் சுற்றிய நீல நாடா இருந்தது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். பிறகு டிக் கேட்டது.

அவர் ஏறியதும் ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தேன். சாக்லேட்டையும் உடைத்துக்கொண்டோம். முன்னிருக்கைக்கு ஒரு துண்டு வைக்க என் கை போனது. ஆஸ்கெய்ர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவன் பங்கை எப்பவும் நான்தான் தின்பேன் என்றார்.

வரிசை கிளம்பியது. மேலே எல்லாம் வெள்ளை. முன் வண்டியின் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் தெளிந்து போய்க்கொண்டிருந்தன. டயர்கள் ஒரு சத்தமும் போடவில்லை. ஆஸ்கெய்ர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே, பாத்தியா இங்க உன் ஆணிக்கு வேலையே இல்ல என்று சொன்ன மாதிரி இருந்தது.

மேல்தளம் முடிந்து கம்பம் தாண்டியதும் வரிசை கலைந்தது. அவசரக்காரர்கள் முன்னால் போனார்கள். எங்களுக்குப் பின்னால் தலைநகரத்து இளம் ஜோடி ஒன்று எங்கள் வண்டி மாதிரியே ஒன்றில் வந்துகொண்டிருந்தது. வரிசையில் காத்திருந்தபோது அந்தப் பையனும் ஆஸ்கெய்ரும் டயர் பேச்சு பேசியிருந்தார்கள். அவன் ஆணியில்லாத கட்சி.

இறங்கத் தொடங்கினோம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக பிரேக் பிடிப்பதைக் குறைத்து வைத்தேன்; வழுக்கலில் அது திடீரென்று இழுக்கக் கூடாது என்று சியூர் செய்வது. இரண்டாவது சுரங்கத்திலிருந்து வெளியே வந்தபோது கண்ணாடியில் மழைத்துளி. சாலை கறுப்பாகப் பளபளத்தது. வெறும் தார் போல இருந்தது, தார் இல்லை, நனைந்த பனிக்கட்டி. அடுத்த வளைவுக்கு அப்பால் ஒரு நீண்ட லாரி குறுக்கே நின்றது. அதன் வால் மலைச்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓட்டுநர் சாலையில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

பிரேக்கை மிதித்தேன். பெடல் என் பாதத்துக்கடியில் துடித்தது. வண்டி முழுவதும் முன்னால் சாய்ந்தது. இரண்டரை டன்னும் என் முதுகில் இருந்ததுபோல் உணர்ந்தேன். கீழே கரகரவென்று ஒரு சத்தம், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு பனிக்கட்டியைச் சுரண்டுவதுபோல. பெல்ட் கலசத்தை இழுத்துப் பிடித்தது. லாரியின் பக்கத்துப் பலகையில் எழுதியிருந்ததை நான் படிக்க முடிந்தது. பிறகு அந்த எழுத்துகள் பெரிதாவது நின்றுவிட்டது. நாங்கள் நின்றிருந்தோம்.

என்னால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. பின்னாலிருந்து ஆஸ்கெய்ரின் கை என் தோளில் விழுந்தது.

"எல்ட்ரி. மூச்சு விடு."

அப்போது இடது பக்கத்தில் அந்த இளம் ஜோடியின் வண்டி எங்களைக் கடந்து போனது, வெகு மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல், சக்கரங்கள் சுழலாமலே. பையனின் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. நல்ல காலம், மலைப் பக்கத்தில் பனிக்குவியல் உயரமாக இருந்தது. வண்டி அதில் மூக்கைப் புதைத்து நின்றது. ஆஸ்கெய்ர் இறங்கி, சாலையில் நிற்க முடியாமல் எங்கள் வண்டியைப் பிடித்துக்கொண்டே நடந்து, பிறகு கிட்டத்தட்டத் தவழ்ந்து அவர்களிடம் போனார். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அழுதாளாம்.

திரும்பி வந்து ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சாலையில் மணல் தூவும் வண்டி வந்தது, லாரி நேரானது, வழி விட்டார்கள். தாமதமாகும் என்று தேவாலயத்துக்குத் தொலைபேசியில் சொன்னோம். வெளிச்சம் இருக்கும் வரை நான் எங்கேயும் போகவில்லை என்றார் ஊட்லெய்வ்.

வெளிச்சம் இருந்தது. ஃபியோர்டின் மேல் மழை விட்டிருந்தது. குழியின் ஓரத்து மண் கறுப்பாக, ஈரமாக, மண்வெட்டிக்கு இடம் கொடுத்தது. கலசத்தை நானும் ஆஸ்கெய்ருமாக இறக்கினோம். பாதிரியார் சொன்னது எனக்கு அவ்வளவாக நினைவில்லை. மண் விழுந்த சத்தம் மென்மையாக இருந்தது நினைவிருக்கிறது. தோளிலிருந்து ஏதோ இறங்கிவிட்டது. பசித்தது. இரண்டு மாதத்தில் முதன்முறையாக உண்மையாகவே பசித்தது. ஊட்லெய்வ் வீட்டில் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியை வெட்கமில்லாமல் நாலு துண்டு தின்றேன்.

மறுநாள் காலை ஆஸ்கெய்ர் முன்னிருக்கையில் ஏறினார். பெல்ட் போட மறந்தார், மணி அடித்தது. சரி சரி என்று மாட்டிக்கொண்டார். ஃபியோர்டுக் கரையில் மழை கழுவிய வெறும் தார். சடசடப்பு தொடங்கியது.

"சத்தம் ஜாஸ்திதான்," என்றார்.

"ஜாஸ்திதான்."

"குன்வோர்கிட்ட என் வண்டி அளவுல ஆணி வெச்சது இருக்குமா?"

கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அடுத்த வளைவுக்குள் அவர் தலை சாய்ந்து தூங்கிப்போனார். வானொலியைப் போடவில்லை. சுரங்கம் வரை அந்தச் சடசடப்பைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.