ஒரு கட்டை இறக்கி

வாதம் வந்து என் வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. கோபத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போனது. கச்சேரிகளில் கீபோர்டு வாசித்த ராஜவேலுவுக்கு இனி இடது கைதான் வாய். பிடித்த கையை அழுத்தினால் ஆமாம், விட்டுவிட்டால் இல்லை.

என்னைப்போல் படுத்துவிட்ட மேடைக் கலைஞர்களுக்காக ஒரு டிவிக்காரன் வேலூரில் நட்சத்திர விழா எடுத்தான். என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளி வரச் சொன்னார்களாம். பக்கத்தில் நின்று ஒரு நடிகர் கண் கலங்குவாராம். என் பெண்டாட்டி அம்சவேணி விடுவாளா? "அவரு வர மாட்டாரு. நான் வந்து பாடறேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஆம்பூரைச் சுற்றி எந்தக் கல்யாணம், எந்த ஷூ கம்பெனி விழா என்றாலும் பாடுகிறவள் அவள். உன் குரல் ஒருநாள் டிவியில் வரும் என்று வருஷக்கணக்காக ஆசை காட்டியவன் நான். உச்சம் அவளுக்கு எட்டாது. அதனால் எந்தப் பாட்டுக்கும் சுருதியை ஒரு கட்டை இறக்கித்தான் வாசிப்பேன். விழாவிலும் கேட்டு இறக்க வைத்தாளாம். நடிகரே எழுந்து கை தட்டினாராம். சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஒளிபரப்பு ஞாயிறு மதியம். அன்றைக்கென்று அவளுக்கு ஆலங்காயத்தில் கச்சேரி. பக்கத்து வீட்டு தூபாவிடம் டிவியைப் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தூபா, கம்பெனியில் தன்னோடு தைக்கிற பெண்களையும் கூட்டி வந்தாள்.

நட்சத்திரங்கள் ஆடினார்கள், அழுதார்கள். பிறகு நீலப் புடவையில் அம்சவேணி. முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டை இறங்கவே இல்லை. சினிமாவில் பாடியவளின் குரலை எடுத்து இவள் உதட்டில் ஒட்டிவிட்டிருந்தார்கள், பாவிகள்.

"அக்கா என்னமா பாடுது பாருங்கண்ணா. அப்படியே சினிமா மாதிரி" என்றாள் தூபா.

அது அவள் இல்லை என்று கத்தினேன். எச்சிலும் கண்ணீரும்தான் வழிந்தன. அண்ணன் சந்தோஷத்தில் அழுகிறார் என்று சொல்லித் துடைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அம்சவேணி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. என் இடது கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கேட்டீங்களா? என் குரல் நல்லா வந்துச்சா?"

அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன செய்வேன்? அழுத்தினேன்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தூபாவைக் கூப்பிட்டாள். விழாவை இப்போது போனிலேயே பார்க்கலாமாம்.

"சத்தமா வையி, தூபா. அவரோட சேந்து நானும் கேக்கறேன்."

நான் கையை விட்டுவிட்டேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.