உள்ளே கிடந்த கறுப்பு

வியாழக்கிழமை காலை தாஹிர் பல்தீட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது, தங்கச்சியின் காரை ஆறு பூனைகள் நக்கிக்கொண்டிருந்தன. ஏழாவது ஒன்று நக்கி முடித்து, பின்சக்கரத்தடியில் குந்தி முகம் கழுவியது. கூரையில் நாலு காகங்கள் தங்கள் முறைக்குக் காத்து நின்றன.

தாஹிர் வாகனத் தரகர். திருகோணமலையில் இருபத்திரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு. அவர் விற்காதது துறைமுகத்தில் நிற்கும் கப்பல் ஒன்றைத்தான். அதையும் இதுவரை யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. வாங்க வருகிறவர் குறை கண்டுபிடிக்குமுன் அதையே நிறையாக மாற்றிவிடுவார். கதவு இறுக்கமா? கள்ளன் திறக்க மாட்டான். ஏசி குளிராதா? பிள்ளைகளுக்குத் தடிமன், சளி பிடிக்காது. கார் நிற்கத்தான் செய்யும், வாய்தான் அதை விற்கும் என்பது அவர் கொள்கை.

ஆனால் அந்த வாய்க்கும் மசியாத ஒன்று உண்டு. பெயின்றை மெழுகு போட்டு மினுக்கலாம். சீற்றுக்கு உறை மாட்டலாம். ஓடிய கிலோமீற்றரை ஓடாததாக்கும் கெட்டிக்காரரும் ஊரில் இருக்கிறார்கள். சக்கரங்களுக்கு மேலே வளைந்து போகும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டியும் முன்னும் பின்னும் இருக்கும் பஃபரின் அடிப்பாகமும் வெயிலிலும் உப்புக் காற்றிலும் வெளிறிச் சாம்பல் பூத்துவிட்டால், கார் தன் வயதைத் தானே சொல்லத் தொடங்கிவிடும். அதன் வாயைப் பொத்த வழியில்லை.

தங்கச்சி ஸுல்பிகாவின் சின்ன ஜப்பான் கார் அப்படித்தான் சாம்பல் பூத்திருந்தது. கிண்ணியாவில் தையல் கடை போட அவள் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். கார் விற்ற காசோடு வெள்ளிக்கிழமை போய்ச் சாவி வாங்காவிட்டால் அறை ஒரு ஃபோன் கடைக்காரனுக்குப் போய்விடும். “உன்ட நானாட்ட மட்டும் குடுத்திராத, அவர் கதைச்சே காரைக் கிழவியாக்கிப் போடுவார்” என்று அவளுடைய புருஷன் சொல்லியிருந்தான். அதைக் கேட்டும் அவள் கார்ச் சாவியைத் தன் அண்ணனின் கையில்தான் வைத்தாள். தாஹிருக்கு அதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

வாங்க வருகிறவரோ லேசுப்பட்டவர் அல்ல. பாலையூற்று இரத்தினேஸ்வரி மிஸி. பட்டினத்தில் பாதிப் பேரின் தொப்புள்கொடியை அறுத்த மருத்துவமாது; இப்போது ஓய்வில் இருக்கிறார். தாஹிர் காட்டிய மூன்று கார்களை ஏற்கெனவே வேண்டாமென்று தள்ளிவிட்டார். ஒவ்வொரு தடவையும் பெருவிரலால் ஓரிடத்தைத் தேய்ப்பார், விரலைப் பார்ப்பார், “வாறன் தம்பி” என்று போய்விடுவார். இன்று நாலு மணிக்கு நாலாவதைப் பார்க்க வருகிறார்.

அதற்காகத்தான் தாஹிர் புதன்கிழமை மூளையைக் கசக்கினார். சல்லிக் கடற்கரையில் மீன்பிடிக்கிற லதீசன் தன் வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவதைப் பார்த்தது ஞாபகம் வந்தது. கடலும் வெயிலும் சேர்ந்து தின்ன வந்தாலும் அந்தப் பலகை கறுகறுவென்று நிற்கிறது. பலகைக்கு ஆகிறது பிளாஸ்டிக்குக்கு ஆகாதா? ஒரு போத்தல் வாங்கி வந்து பூசினார். கார் நேற்றுத்தான் கப்பலில் வந்திறங்கியதுபோல் ஆகிவிட்டது. வள்ளத்தைப் பூனை நக்காதது, வள்ளம் தண்ணீரில் கிடப்பதால்தான் என்பது அவருக்கு இந்தக் காலையில்தான் விளங்கியது.

துணியால் துடைத்தார். பட்டி புலிவரி புலிவரியாய் வெளுத்தது. மணம் மட்டும் போகவில்லை. மனைவி ஜெமீலா குசினி யன்னலைச் சாத்திவிட்டு, “ஆள் வந்து கேட்டா என்ன சொல்ல?” என்றாள்.

“நான் இல்லண்டு சொல்லு.”

“எனக்குப் பொய் சொல்ல வராது.”

“இருபத்திரண்டு வருஷம் என்னோட இருந்துமா?”

உள்துறைமுக வீதியில் நிருஜாவின் ஸ்டிக்கர் கடை இருந்தது. முச்சக்கர வண்டிக்குப் பூவும் புலியும், பஸ்ஸுக்கு ஊர்ப்பெயரும் ஒட்டுகிறவள். தாஹிர் காரைக் கடை வாசலில் நிறுத்தியதும் அவள் மூக்கைச் சுளித்தாள்.

“என்ன நானா, மீன் ஏவாரமும் துவங்கிட்டீங்களா?”

“பகிடி பிறகு பிள்ள. இந்தப் பட்டி முழுக்கக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி மூடு. நாலு மணிக்கு இரத்தினேஸ்வரி மிஸி வாறா.”

“மிஸியா? என்னைப் பிறப்பிச்சதே அவதான்.” அவள் குனிந்து பட்டியைத் தடவினாள். “ஏலாது நானா. இது சொரசொரப்பு, ஸ்டிக்கர் பிடிக்காது. பிடிச்சாலும் மிஸிட நகத்துக்கு ரெண்டு நிமிஷம் போதும்.”

“அப்ப கறுப்புக்கு நான் எங்க போறது?”

“எங்கயும் போகத் தேவையில்ல. அது உள்ளுக்கதான் கிடக்கு.”

தரகருக்குச் சிரிப்பு வந்தது. இல்லாததை இருக்கிறது என்று சொல்லி விற்பது தன் தொழில், அதையே தனக்கு விற்கிறாளே என்று நினைத்தார். நிருஜா சிரிக்கவில்லை. கோப்பை கழுவும் சோப்பு நீரையும் பழைய பல் தூரிகையையும் அவர் கையில் கொடுத்தாள். “முதல்ல உங்கட சுறாவைக் கழுவுங்க. ஒரு சொட்டும் மிஞ்சக் கூடாது.”

தாஹிர் சாரத்தை மடித்துக் கட்டி முழங்காலில் நின்று தேய்த்தார். மூன்று தடவை. பட்டியின் ஒவ்வொரு புள்ளிக் குழியிலும் சுறா ஒளிந்திருந்தது. மதியத் தொழுகைக்குப் போய்வந்து பார்த்தபோது எல்லாம் காய்ந்து எலும்பு வெள்ளையாய் நின்றது. முன்னைவிட மோசம். பூனை நகக் கீறல்கள் வேறு தனியாகத் தெரிந்தன.

நிருஜா ஹீட் கன்னைச் செருகினாள். தலைமயிர் உலர்த்தும் கருவியைப் போல, ஆனால் அதைவிடப் பலமடங்கு கொதிக்கும் காற்றை ஊதுவது. ஸ்டிக்கரை இளக்கி வளைவுகளில் படியவைக்க வைத்திருந்தாள். ஒரு தடவை பழைய ஸ்டிக்கர் ஒன்றைச் சூடாக்கிக் கழற்றியபோது பக்கத்துப் பிளாஸ்டிக் தானாகக் கறுத்ததைக் கண்டாளாம். “தோல்தான் நானா வெயிலில செத்துப்போறது. உள்ள இருக்கிறது அப்பிடியே இருக்கு. கையை ஓரிடத்தில வச்சா உருகிப்போகும். ஓடவிட்டா வரும்.”

முதல் ஊதலில் மிச்சச் சுறா புகைந்தது. பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன பொரியுது? எனக்கும் ஒரு துண்டு வைங்க.”

அடுத்த ஊதலுக்குத் தாஹிர் கிட்டப் போய்க் குந்தினார்.

காற்று வெள்ளைப் பரப்பின் மேல் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஓடியது. பிறகு, அதன் பின்னாலேயே, கறுப்பு எழுந்து வந்தது. பூசிய கறுப்புப்போல மேலிருந்து படியவில்லை. ஆழத்தில் உறங்கியது கண் விழிப்பதுபோல அடியிலிருந்து ஏறி வந்தது. மழைத்துளி மணலில் பரவுகிற மாதிரி ஒரு புள்ளி பரவி, இன்னொரு புள்ளியைத் தொட்டு, இரண்டும் ஒன்றாகி, காற்று போன வழியெல்லாம் பின்னால் நடந்தது. பூனைக் கீறல்கள் ஒவ்வொன்றாக அந்தக் கறுப்புக்குள் அமிழ்ந்தன. தாஹிர் விரலை வைத்தார். சூடு. காய்ந்த சூடு. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

இருபத்திரண்டு வருடமாக அவர் மேலே பூசியே விற்றவர். எண்ணெய், மெழுகு, சப்பாத்துப் பொலிஷ், எல்லாவற்றுக்கும் மேலே கதை. அடியில் ஒன்று கிடக்கும் என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

“இன்னொருக்கா காட்டு பிள்ள” என்றார்.

இடப்பக்கம் முடிந்து வலப்பக்கம் தொடங்குமுன் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. இறங்கியவர் இரத்தினேஸ்வரி மிஸி. மணி மூன்றுதான் ஆகியிருந்தது.

“வீட்டுக்கு ஃபோன் எடுத்தனான். ஜெமீலா இஞ்ச எண்டு சொன்னா” என்றார்.

கார் ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் கிழமுமாக, பாதி ஒப்பனையில் பிடிபட்ட கூத்தாடிபோல் நின்றது. ஸுல்பிகாவின் கடையறை வீதிக்கு அப்பால் துறைமுகத் தண்ணீரில் மூழ்குவதைத் தாஹிர் மனக்கண்ணால் கண்டார். கதைக்க வாயைத் திறந்தார்.

“கதைக்காதீங்க தம்பி” என்றார் மிஸி. கறுத்த பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார். விரலைப் பார்த்தார். சுத்தம். மறுபடி தேய்த்தார். பிறகு வெள்ளைப் பக்கத்துக்கு வந்து குனிந்தார். “என்ன செய்யிறாய் நிருஜா? செய், பாப்பம்.”

காற்று ஓடியது. கறுப்பு ஏறியது. மிஸியின் மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. வளைவு முழுவதும் கறுத்து முடியும்வரை நிருஜாவின் கையைத் தவிர எதுவும் அசையவில்லை.

“சில பிள்ளைகள் வெளிறிப்போய்த்தான் பிறக்கும்” என்றார் மிஸி, காரைப் பார்த்தபடியே. “முதல் மூச்சு இழுத்தவுடன நெஞ்சில துவங்கி நிறம் பரவும். எத்தனையோ ஆயிரம் பாத்திட்டன். ஒவ்வொரு முறையும் என்ட மூச்சைப் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான்.”

மிஸி நிமிர்ந்து தாஹிரின் கண்ணைப் பார்த்தார்.

“இது எவ்வளவு காலத்துக்கு நிக்கும்?”

ஆயுசுக்கும் நிக்கும் மிஸி, உங்கட பேரப்பிள்ளை ஓடேக்கயும் கறுப்பாத்தான் இருக்கும். அந்த வசனம் தாஹிரின் நாக்கு நுனிவரை தயாராக வந்து நின்றது. கண் அந்தக் கறுப்பில் விழுந்தது. வசனம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

நிருஜாவைத் திரும்பிப் பார்த்தார். “நாலைஞ்சு மாசம்” என்றாள் அவள்.

“நாலைஞ்சு மாசம் மிஸி” என்றார் தாஹிர். “பிறகு வெளுக்கும். திரும்பவும்...”

“திரும்பவும் ரெண்டு மூண்டு தரம் செய்யலாம்” என்றாள் நிருஜா. “அதுக்குப் பிறகு உள்ளுக்கயும் வத்திப்போகும். வெயில் தடுக்கிற கிறீம் மாசம் ஒருக்காப் பூசினா இழுத்துப் பிடிக்கலாம்.”

“நேத்து நான் சுறா எண்ணெய் பூசினனான்” என்றார் தாஹிர். யாரும் கேட்கவில்லை. தானாக வந்தது.

“தெரியும். சந்தியில திரும்பேக்கயே மணந்தது.” மிஸியின் உதடு ஒரு ஓரமாய் நெளிந்தது. “மற்ற மூண்டு காருக்கும் என்ன பூசினீங்க?”

“ரெண்டுக்குச் சப்பாத்துப் பொலிஷ். ஒண்டுக்கு எஞ்சின் ஒயில்.”

“என்ட விரலும் அதைத்தான் சொன்னது.” அவர் கைப்பையை முச்சக்கர வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். “கடைசி வளைவை நான் செய்யிறன். குடு பிள்ள.”

அறுபத்தெட்டு வயதுக் கை. ஒரு நடுக்கம் இல்லை. காற்றை ஓரிடத்தில் நிற்கவிடாமல் மெதுவாய், ஒரே வேகத்தில் கொண்டுபோனார். நிறம் அவருடைய கைக்குக் கீழே பிறந்து பிறந்து வந்தது. முடிந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றார். பிறகு எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், அடியைப் பார்த்தார், வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். விலை பேசவில்லை. கைப்பையை வாங்கித் திறந்தார்.

கார் பாலையூற்றுப் பக்கம் திரும்பி மறைந்தபோது, தேநீர்க் கடைப் பூனை ஒன்று சந்திவரை அதன் பின்னால் ஓடிப்போய்த் திரும்பி வந்தது.

தாஹிர் கிண்ணியாவுக்கு ஃபோன் எடுத்தார். “வித்தாச்சு தங்கச்சி. நாளைக்குப் போய்ச் சாவியை எடு.”

மறுமுனையில் ஸுல்பிகா மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள். “மிஸியே வாங்கிட்டாவா? என்ன கதைச்சு வித்தீங்க நானா?”

“ஒண்டும் கதைக்கேல்ல.”

“சும்மா சொல்லாதீங்க.”

தாஹிர் நடந்ததைச் சொல்லப் பார்த்தார். வெள்ளை என்றார், காற்று என்றார், அடியிலிருந்து என்றார். வீதியோரம் ஒரு பழைய வான் வண்டியின் பஃபர் வெளிறிப்போய் நின்றது. ஃபோனைக் காதில் வைத்தபடியே அவர் அதனருகே போய்க் குந்தி, வெறும் விரலால் அதைத் தடவிப் பார்த்தார்.