பூக்கக் கூடாத மரம்

இரண்டு வருடம் கழித்து அப்பா வீட்டுக்கு வந்த மறுநாள், துவைத்த துணியைக் காயப்போடக் கொல்லைக் கதவைத் திறந்தவள், வாளியைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றுவிட்டாள். வேலிக்கு அப்பால் அப்பாவின் நிலம் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடந்தது. புல்கூட முளைக்காத அந்த மண்ணின் நடுவே ஒரு வேலமரம், ஆள் உயரத்துக்கு மேல், இலை பளபளக்க நின்றது. கிளையெல்லாம் மஞ்சள் பூ.

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலையே இந்த மரம்தான். உப்பைத் தாங்குவதற்காக வேறொரு செடியின் மரபணுவைப் புகுத்தி வளர்த்த கன்றுகள். வலைக்கூண்டுக்குள், பூட்டுக்குள் இருப்பவை. மொட்டு தலைகாட்டினாலே கிள்ளிவிட வேண்டும். மகரந்தம் வெளியே போனால் காட்டு வேலமரங்களில் கலந்துவிடும். கலந்தபின் என்ன ஆகும் என்று அவளுடைய மேலதிகாரிக்கே தெரியாது. தெரியாததால்தான் அந்தப் பூட்டு.

"அப்பா!" குரல் கீச்சென்று வந்தது.

கையில் டீயோடு அப்பா எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பாம்பா?"

"இந்த மரம் எங்கேருந்து வந்துச்சு?"

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு டீயை ஊதினார். அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"ரெண்டு வருஷம் முன்னாடி உன்னைப் பார்க்க ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன்ல, அப்போ எரிக்கறதுக்குன்னு ஒரு தட்டு நிறைய கன்னு வெச்சிருந்தீங்க. ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். எப்படியும் சாகப்போறதுதானேம்மா?"

"வேலை போறது கிடக்கட்டும். இது பூத்திருக்குப்பா! எப்பலேருந்து?"

"போன வாரத்துலேருந்து. பூத்தா நல்லதுதானே? உங்கம்மா போனப்புறம் இந்த மண்ணுல உசுரோட நிக்கிறது நானும் இதுவுந்தான்."

அவள் சமையலறைக்கு ஓடி, இருந்த பிளாஸ்டிக் பைகளை எல்லாம் அள்ளி வந்தாள். வெட்டினால் மகரந்தம் பறக்கும். முதலில் மூட வேண்டும், பிறகுதான் ரம்பம். அதைச் சொன்னதும் அப்பாவின் முகம் செத்துப்போனது. முள் கிழித்தது அவளுக்கு உறைக்கவில்லை. அவசரத்தில் போட்ட முடிச்செல்லாம் அவிழ்ந்துகொள்ள, மறுபடி மறுபடி கட்டினாள்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், டம்ளரை மண்ணில் வைத்துவிட்டு வந்து, அவளுக்கு எட்டாத கிளையை வளைத்துப் பிடித்தார்.

"அவ்வளவு பயமாம்மா?"

"ஆமாப்பா."

இறுக்கிக் கட்டிய பைக்குள் ஒரு தேனீ சிக்கிக்கொண்டு, பிளாஸ்டிக்கில் முட்டி முட்டி இரைந்தது. அவள் தலை நிமிர்ந்தாள். மற்ற தேனீக்கள் மரத்தைவிட்டு எழும்பி, நிலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அங்கே ரோட்டோரம் நெடுக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, வேலமரங்கள் மஞ்சளாகப் பூத்து நின்றன.