நெய்னாரின் இரண்டாவது நிழல்

கல்யாணமான வருடமே பளீலாவின் நிழல் அவளை விட்டுக் கணவன் நெய்னாரிடம் போய்விட்டது. அதற்குப் பிறகு புத்தளத்து உப்பளத்தில் நெய்னாருக்கு இரண்டு நிழல்கள் விழுந்தன. ஒன்று சாரத்தோடு, மற்றது முக்காட்டோடு. ஒதுங்க ஒரு மரமில்லாத இடம் அது. மத்தியானத்தில் முக்காட்டு நிழலில் உட்காரப் பலருக்கும் ஆசைதான், ஆனால் உப்பு அள்ளும் பெண்களை மட்டுமே நெய்னார் உட்கார விட்டான். என்ன இருந்தாலும் மனைவியின் நிழல் அல்லவா. அவர்கள் ஊரான தில்லையடியில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அந்த மாதம் வெங்காய விலைதான் எல்லார் வாயிலும் இருந்தது.

நெய்னார் கெட்டவன் இல்லை. அவன் சும்மா நின்றாலே பக்கத்தில் இருப்பவை அவன் பக்கம் நகரும், அவ்வளவுதான். பளீலா அதற்கு நேர்மாறு. சின்ன வயதிலிருந்தே அவளிடம் எதுவும் தங்காது; காலையில் போட்ட தோடு பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரியின் காதில் ஆடும். அவளிடமிருந்து போவது வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும் என்றுதான் இரண்டு வீட்டாரும் இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தார்கள். கெட்டிக்காரர்கள்! நிழலுக்குப் பிறகு அவளுடைய சிரிப்பு போனது, பிறகு நித்திரை போனது. நெய்னார் இருவருக்கான நித்திரையையும் வெட்கத்தோடு தூங்கினான். மகள் றிஸ்மினா பிறந்தபோது பளீலாவுக்கு ஒரே பயம்தான் இருந்தது: பிள்ளையும் போய்விடும்.

அடுத்த வீட்டு மர்ஷூதா இரசாயனவியல் படிப்பிக்கும் டீச்சர். குளோரீனுக்கு மின்னெதிர்த்தன்மை அதிகம், இலத்திரனைத் தன் பக்கம் இழுக்கும். சோடியம் மின்நேர்த்தன்மையுள்ளது, வெளியில் இருக்கும் ஒற்றை இலத்திரனையும் கொடுத்துவிடும். உப்பு உண்டாவதே அப்படித்தான் என்று அவள் பளீலாவுக்கு விளக்கினாள்.

"அப்ப பிரிஞ்சா, டீச்சர்? மழைக்கு உப்புக் கரையுதே."

"பிரியும் புள்ள. தண்ணிக்குள்ள ரெண்டும் தனித்தனியாத்தான் நிக்கும். ஆனா குடுத்தது திரும்பி வராது."

உப்பளத்துக் குடும்பம் இதை நம்புமா? பாத்தி உப்பு மழையில் கரைந்தாலும் வெயிலுக்கு உப்பு மறுபடி விளைவதைக் கண்டு வளர்ந்தவர்கள். "கரைஞ்சது எங்க மகள் போகும்? எல்லாம் திரும்பி வரும்," என்றார் பளீலாவின் வாப்பா பதுர்தீன். ஒக்டோபர் மழை தொடங்கிய கிழமை, காதியார் முன்னால் இருவரும் அழுதுகொண்டே மணவிலக்குப் பெற்றுப் பிரிந்தார்கள். வெளியே வந்து நெய்னார் நிழலை உதறிக்கூடப் பார்த்தான். அது அவனை விடவில்லை.

மழை முடிந்து வெயில் வந்தது. பாத்திகளில் உப்பு விளைந்தது, பளீலாவுக்கு ஒன்றும் திரும்பவில்லை. றிஸ்மினா அவளுடைய மடியில் கிடந்து ஓயாமல் அழுதது, பால் குடிக்க மறுத்தது. பிள்ளை செத்துப்போகும் என்று பயந்து பளீலாவே அதைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். நெய்னாருக்குப் பக்கத்தில் கிடந்த முக்காட்டு நிழலைக் கண்டதும் பிள்ளை இறங்கித் தவழ்ந்து போய், அதற்குள் படுத்துக்கொண்டு, முதன்முதலாக "உம்மா" என்றது.

"ஓம் மகள்," என்றாள் பளீலா, வெயிலில் நின்றபடி. பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது தினமும் காலையில் அவள் பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடுகிறாள். வழியில் காண்பவர்கள் சுகம் விசாரிக்கிறார்கள். முகில் மூடிய நாட்களில் மட்டும் பிள்ளைக்கு உம்மா இல்லை. அந்த நாட்களில் அதைப் பளீலா வைத்திருக்கிறாள்.