மந்திரி வாயில் நாதஸ்வரம்

“கேசட் முழுசாவா பாய்?”

“முழுசாத்தான். பாதியில நிறுத்தினா நல்லாவா இருக்கும்?”

“மந்திரி பேசற எடத்துலயுமா?”

“அங்கதான் கெட்டிமேளமே வருது. நீயே பாரேன்.”

ஜினராஜ் டிவியில் ஓடிய தன் கேசட்டைப் பார்த்தான். வேங்கிக்காலில் அன்று காலை திறந்துவைத்த தண்ணீர்த் தொட்டியின் முன்னால் மந்திரி குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை. இன்னொரு முறை திருகினார். பிறகு கேமராவைப் பார்த்து வாயைத் திறந்தார். வாயிலிருந்து நாதஸ்வரம் வந்தது.

சன்னதித் தெருவில் அவர்களுடைய கல்யாண வீடியோ கடைக்கு இருவரும் கூட்டாளிகள். கேமரா ஜினராஜுடையது, கேசட்டை ஓட்டிப் பதியும் இரண்டு டெக்கும் மஸ்தான் பாயுடையவை. பாட்டு இல்லாத கேசட்டை இந்த ஊரில் எந்தப் பெண் வீட்டாரும் கையால் தொட மாட்டார்கள். அதனால் கேசட் வந்து சேர்ந்ததும் பாய் சத்தத்தை அழித்துவிட்டு அதே கேசட்டில் பாட்டை ஏற்றிவிடுவார். படம் அப்படியே இருக்கும். போன சத்தம் போனதுதான்.

“யாரைக் கேட்டு ஏத்தினீங்க?”

“இருநூறு கல்யாணத்துக்கு யாரைக் கேட்டேன்?”

அந்த இருநூறிலிருந்து தப்பிக்கத்தான் ஜினராஜ் கிடந்து துடித்தான். மெட்ராஸில் ஒரு கம்பெனி மாதாமாதம் செய்திகளை வீடியோ கேசட்டாக வெளியிட்டுக்கொண்டிருந்தது. அதன் எடிட்டர் போன மாதம் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார். அவன் தேர்த் திருவிழாவை மூன்று மணி நேரம் எடுத்து அனுப்பினான். “எனக்கு வேண்டியது அரை நிமிஷம். அதைத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள உங்க தேர் நிலைக்கே வந்துடுச்சுய்யா” என்றார் எடிட்டர். இன்னொரு முறைதான் தருவேன், அதுவும் சரியில்லையென்றால் கல்யாணத்தையே எடுத்துக்கொண்டிரு என்றும் சொல்லியிருந்தார்.

ஆகவே இந்த முறை அவர் சொன்னதையெல்லாம் வேதமாகக் கொண்டான். மொத்தம் ஆறே நிமிடம். ஒவ்வொரு காட்சியும் ஆடாமல் பத்து எண்ணும் வரை. எந்தக் காட்சி டெக்கில் ஓடும் எந்தக் கவுண்டர் எண்ணில் இருக்கிறது என்று ஒரு பட்டியல். தன் கையெழுத்து தனக்கே புரியாது என்பதால், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ரேணுகாம்பாளிடம் போய்ப் பட்டியலை டைப் அடித்துக்கொண்டு வந்தான். அந்த அரை மணி நேரத்தில்தான் பாய் தன் கடமையை முடித்திருந்தார்.

பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே மந்திரி சொன்னதை ரேணுகாம்பாள் சிவப்பு ரிப்பனில் அடித்திருந்தாள்: “தண்ணி வரலன்னா என்னய்யா, அதான் நான் வந்திருக்கேனே!” இந்த வரியைக் காலையில் போனில் கேட்டபோதே எடிட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஒரு வரிக்காக இடம் ஒதுக்கி வைத்திருந்தார். ஒன்றரை மணி பஸ்ஸில் கேசட் ஏறினால் மாலைக்குள் போய்ச் சேரும். ராத்திரியே விற்பனைக்கான கேசட்டுகளைக் காப்பி எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மணி ஒன்று பத்து.

“மந்திரி பயணியர் மாளிகையிலதான் சாப்பிட்டுட்டு இருக்காராம். இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லலாமா?” என்றார் பாய்.

“சாப்பிடறப்ப விக்கி, தண்ணி வரலன்னா சொல்வாரு.”

“கோச்சுக்காத ஜினராஜு. நானே அவரு மாதிரி பேசி ஏத்திடட்டா? என் குரலும் கட்டைதான்.”

“உங்க குரலை ஏத்தினா அடுத்த கேசட்டை ஜெயில்ல எடுக்கணும்!”

சொல்லிவிட்டு ஜினராஜ் எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். ஏழாவது முறை சுற்றியதில் லைன் கிடைத்தது.

“எடுத்துட்டியா? ஆறு நிமிஷம்தானே? நம்பரெல்லாம் எழுதிட்டியா?” எடிட்டர் குரலில் குழைவு இருந்தது.

“எல்லாம் சரியா இருக்கு சார். நம்பரு டைப்பே அடிச்சாச்சு.”

“பேஷ். இனி உங்க ஜில்லாவுல எது நடந்தாலும் நீதான்யா.”

ஜினராஜ் நடந்ததைச் சொன்னான். கெட்டிமேளத்தையும் மறைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஒரு ஹாரன் நீளமாகக் கேட்டது.

“சார், லைன்ல இருக்கீங்களா? வாய் மட்டும் பளிச்சுனு தெரியுது சார். ஒவ்வொரு எழுத்தும் தெரியுது. மேளத்தைச் சுத்தமா எடுத்துட்டு, அந்த ஒரு வரியை எழுத்துலயாவது படத்துக்குக் கீழ போட்டுக்கறீங்களா சார்?”