இரண்டாம் எண் புகை

மூடிப்போன அனல்மின் நிலையத்தின் புகையைப் பற்றி ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கப் போகிறேன் என்று நான் அலட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. என் கையில் பதினோரு வருடப் புகைப் பதிவேடு இருந்தது. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமா கொடுத்தது, எழுதியவரும் அவரேதான். சாம்பல் நிறக் கட்டங்கள் அச்சடித்த ஓர் அட்டையைப் புகைபோக்கிக்கு நேரே பிடித்து, புகை எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து தினமும் எண் போட வேண்டும். வெளுத்த புகைக்கு ஒன்று, கன்னங்கரேல் என்றால் ஐந்து. மாமாவின் ஏடு முழுக்க இரண்டு. அங்கங்கே ஒரு மூன்று.

அதை வைத்து ஒரு வரைபடம் போட்டேன். அதன் அழகில் நானே மயங்கிப்போனேன்.

நிலையத்தை ஒட்டிய தெருக்களில் பேட்டிகளும் எடுத்திருந்தேன். "வெள்ளைச் சட்டை தைச்சு மாட்டி வச்சா சாயங்காலத்துக்குள்ள கறுத்துடும்மா. உதறித்தான் குடுப்பேன்" என்றார் தையல்கார அக்கா. அதைச் சொல்வதற்குள் மூன்று முறை இருமினார். நானோ, மக்களின் நினைவில் புகை மிகையாகிவிட்டது, பதிவேடு அதை மறுக்கிறது என்று கட்டுரையில் எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில் 'அருமை' என்று குறித்துக் கொடுத்தார். கட்டுரை ஓர் ஆய்விதழிலும் வெளிவந்தது. ஒரு வாரம் என் கால் தரையில் பாவவில்லை.

அந்தத் தெருக்காரர்கள் நுரையீரல் சிகிச்சைச் செலவை நிலையமே ஏற்க வேண்டும் என்று மனு போட்டிருந்தார்கள். போன வாரம் விசாரணை. சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். நிலையத்தின் வக்கீல் எழுந்து என் கட்டுரையை, பக்க எண்ணோடு, நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

வெளியே வந்ததும் தையல்கார அக்கா என்னிடம் வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மிகைன்னா என்னம்மா? நான் பொய் சொன்னேன்னா?"

"இல்லக்கா, ஆராய்ச்சியில அப்படித்தான்..." என்று இழுத்தேன்.

"நீ படிச்ச பொண்ணு, சரியாத்தான் எழுதியிருப்ப" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து, ஆய்வுக்காக முன்பு மாமாவிடம் எடுத்த பேட்டியின் ஒலிப்பதிவை முதலிலிருந்து ஓடவிட்டேன். நான் எதைத் தேடினேன் என்பது எனக்குத் தெரியும். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் மாமாவின் குரல் வந்தது. "அட்டையா? அது என் டீ டம்ளருக்கு மூடி! மாசக் கடைசியில ஒரே மூச்சுல ரெண்டு ரெண்டா போட்டுத் தள்ளிடுவேன். மேல இருக்கறவங்களுக்கு ரெண்டுதான் பிடிக்கும். எப்பவாவது ஒரு மூணு, கண்ணு படாம இருக்க."

அடுத்து ஒரு சிரிப்பு. என்னுடையதுதான். பேட்டியை எழுத்தில் இறக்கியபோது அந்த இடத்தில் 'தமாஷ்' என்று குறித்துவிட்டு மேலே போயிருந்தேன். நிஜமென்று எடுத்துக்கொண்டால் வரைபடம் போய்விடுமே! மறந்துபோய்ச் செய்யவில்லை, தெரிந்தேதான் செய்தேன்.

மாமா வீட்டுக்குப் போனேன். ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க பேசின பதிவை விசாரணையில குடுக்கப் போறேன். உங்க பேரு கெட்டுடும். பென்ஷனுக்குக்கூட ஏதாவது பிரச்சனை வரலாம்."

வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது. சொன்னால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் நழுவிவிடலாம். இவ்வளவுக்குப் பிறகும் என் புத்தி அப்படித்தான் போனது.

மாமா இறங்கி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"தாராளமா குடு. நான் செஞ்சதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்." ஸ்டூலை ஓரமாக நகர்த்தினார். "மூணு புள்ளைங்க எனக்கு. வேலை போயிடும்னு மிரட்டினாங்க, ரெண்டு போட்டேன். உன்னை யாரும்மா மிரட்டினாங்க?"

"யாரும் இல்ல மாமா" என்றேன்.